வெறும் தண்ணீரில் வந்த தலைவலி

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் என் அலுவலகத்தைப் புதுப்பித்தார்கள். புதுக் கம்பளத்துப் பசை வாடையில் தலை சுற்றி, தொண்டை இறுகி, நெஞ்சு படபடத்தது. அப்போது வருடக் கணக்கு முடிக்கும் சமயம், இரவு ஒன்பது வரை அங்கேதான் கிடந்தேன். அதன்பிறகு எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நிற்பவரின் சென்ட், துணியை மென்மையாக்கும் திரவம், லிஃப்டைத் துடைக்கும் மருந்து என்று ஒவ்வொன்றாக ஆகாமல் போனது. நுரையீரல், ஒவ்வாமை, தைராய்டு எல்லாச் சோதனையும் செய்தாகிவிட்டது. கோளாறு ஒன்றுமில்லை என்கிறார்கள். போன வாரம் என் கணவர், எனக்கு ஆகாத தரை துடைக்கும் திரவத்தின் போத்தலில் வெறும் தண்ணீரை ஊற்றி என் கண்ணெதிரே வீட்டைத் துடைத்தார். பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிட்டது. "பார்த்தியா, எல்லாம் மனசு" என்று நாத்தனார் முன்னாலேயே சொல்லிச் சிரித்தார். நான் நடிக்கிறேனா? அடுத்த மாதம் சிராங்கூன் சாலைக் கோயிலில் அக்கா மகளுக்குக் கல்யாணம். போகாமல் இருப்பதுதான் நல்லதா?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் நடிக்கவில்லை. உங்கள் கணவர் செய்த சோதனையிலும் அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை.

ஆராய்ச்சியாளர்களும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறார்கள். ஆனால் முதலில் சம்மதம் வாங்குவார்கள். எது ரசாயனம், எது வெறும் காற்று என்பது கொடுப்பவருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொள்வார்கள். சில ஆய்வுகளில் மூக்கை கிளிப்பால் அடைப்பார்கள், அல்லது வேறொரு வாசனையைக் கலந்து மறைப்பார்கள். உங்கள் கணவர் போத்தலை எத்தனை முறை அலசினாரோ! இப்படிப்பட்ட 37 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு மதிப்பாய்வு வந்தது. பல ரசாயனங்கள் ஆகாது என்று சொல்பவர்களுக்கு உண்மையாகவே தொந்தரவு வருகிறது, ஆனால் எது நிஜம், எது வெற்று என்று அவர்களால் கண்டுபிடிக்க முடிகிறபோதுதான் பெரும்பாலும் வருகிறது என்பது அதன் முடிவு. ஆக, அன்றைய தலைவலிக்குத் தரைத் திரவம் காரணமில்லை என்று உங்கள் கணவர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். தலைவலியே பொய் என்றால் ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டையும் போட்டுக் குழப்பியதும் போதாமல் நாத்தனாரை வேறு சாட்சிக்கு உட்கார வைத்திருக்கிறார்.

சரி, வெறும் தண்ணீரில் தலைவலி எப்படி வரும்? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஓமர் வான் டென் பெர்க் என்பவரின் குழு இதைத்தான் ஆராய்ந்தது. கரியமில வாயு கூடுதலாகக் கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். அதைச் சுவாசித்தால் யாருக்கும் மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும். அதோடு ஒரு வாடையையும் சேர்த்துவிட்டார்கள். சில தடவைகளுக்குப் பிறகு சாதாரணக் காற்றில் அந்த வாடையை மட்டும் கொடுத்தாலும் அதே மூச்சுமுட்டலும் படபடப்பும் வந்தன. நல்ல மணத்தைவிடக் கெட்ட வாடையில் இது எளிதாகப் பதிந்தது. சுற்றுச்சூழல் நச்சுகளைப் பற்றிய எச்சரிக்கையை முதலிலேயே படித்தவர்களுக்கு இன்னும் எளிதாகப் பதிந்தது. இதில் யாரும் எதையும் கற்பனை செய்யவில்லை. உடம்பு ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

உங்கள் அலுவலகத்தை இதோடு வைத்துப் பாருங்கள். புதுப் பசையின் ஆவி எவருடைய தொண்டையையும் எரிச்சலூட்டக்கூடியது. முதல் நாள் உங்களுக்கு வந்தது அதனாலேயே இருக்கலாம். ஆனால் கூடவே கணக்கு முடிக்கும் அவசரம், தூக்கக்குறைவு, ஒன்பது மணிவரை நாற்காலி. சிங்கப்பூரில் 56 கட்டடங்களில் வேலை செய்யும் 2,856 அலுவலக ஊழியர்களை விசாரித்து 1998-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கட்டடத்துக்குள் இருக்கும்போது தலைவலி, கண் எரிச்சல், சோர்வு போன்றவை இருந்தன. வேலை அழுத்தம் அதிகம் உள்ளவர்களிடம் அவை கூடுதலாகத் தெரிந்தன. வாடையும் களைப்பும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எது எதைச் செய்தது என்று உடம்பு கணக்குப் பார்ப்பதில்லை. வாடையின் பேரில் எழுதிவிடுகிறது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பமேலா டால்டன் என்ற ஆராய்ச்சியாளர் செய்த ஆய்வு ஒன்றும் உண்டு. நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அசிட்டோனின் வாடையை ஓர் அறையில் பரப்பி, சிலரிடம் இது உடம்புக்கு நல்லது என்றார்கள், சிலரிடம் தீங்கு என்றார்கள். தீங்கு என்று கேட்டவர்களுக்கே எரிச்சலும் தலைச்சுற்றலும் அதிகம் வந்தன. ராத்திரி கைப்பேசியில் 'மறைந்திருக்கும் நச்சுகள்' பட்டியல் படிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் (இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்) முதலில் அதை விடுங்கள்.

அதற்காக எந்த வாடையும் ஒன்றும் செய்யாது என்று சொல்லவரவில்லை. புகைமூட்டக் காலத்துக் காற்று கெட்டதுதான். 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டபோது ஊரே இருமியது. ஊதுவத்திப் புகையும் அப்படித்தான். இங்கே 60,000-க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வீட்டில் நெடுங்காலம் அதை ஏற்றியவர்களிடம் மேல் சுவாசப்பாதைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. இவற்றிலிருந்து விலகுவது நியாயம். பக்கத்தில் நிற்பவரின் சென்டுக்காக எம்ஆர்டியையே விடுவது வேறு கதை.

என் கவலையெல்லாம் உங்கள் பட்டியல் நீள்வதைப் பற்றித்தான். விலகியவுடன் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை உடம்பு "பார், ஆபத்திலிருந்து தப்பித்தோம்" என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வாடைக்கும் உஷாராகிறது. லூவன் குழு இன்னொன்றையும் பார்த்தது. கரியமில வாயு இல்லாமல் அதே வாடையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது தொந்தரவு குறைந்தது. உங்களுக்கும் அந்த வழிதான் சரியென்று படுகிறது. ஆனால் நீங்களாக வீரம் காட்ட வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் கேட்டால் உளவியலாளரிடம் அனுப்புவார்கள். எது லேசாகத் தொந்தரவு செய்கிறதோ அதிலிருந்து தொடங்கி, படிப்படியாகப் பழக்குவார்கள். மந்திரம்போல் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். டென்மார்க்கில் இப்படிப்பட்டவர்களுக்கு மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) கொடுத்துப் பார்த்தார்கள். நோயைப் பார்க்கும் விதம் ஓரளவு மாறியது, தொந்தரவு அவ்வளவாகக் குறையவில்லை. இடையில் மூச்சில் விசில் சத்தமோ, உதடு வீக்கமோ, மயக்கமோ வந்தால் இந்தக் கடிதத்தை மறந்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் போங்கள். ஓமப் புகைக்கு எதிர்ப்புறமாக, விசிறி வீசும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். அந்தப் புகை ஐயருக்கே கண்ணைக் கரிக்கும். மல்லிகைக்கும் மாமிமார் சென்டுக்கும் பயந்து வாசலில் நிற்க வேண்டாம். முடியவில்லை என்றால் ஐந்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்ப உள்ளே வாருங்கள், அப்படியே வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சாப்பாட்டுக்கு முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுங்கள், அப்போதுதான் கூட்டம் குறைவு.