கடைசி வண்டி எப்போது என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்

கடலோரப் பயணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் கொல்லங்கோட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் எழுதுகிறார்.

எனக்கு 38 வயது, அம்மாவுக்கு 64. கார் கிடையாது. நாகர்கோவில் வரை ரயிலில் வந்துவிடுவோம். அங்கிருந்து கூட்டமில்லாத கடற்கரை ஊர்களை பஸ்ஸிலேயே பார்க்க முடியுமா? கேரளாவுக்குள் போனால் பாஷை தெரியாமல் மாட்டிக்கொள்வோமோ என்று அம்மா பயப்படுகிறார்.
— வாசகி, திண்டுக்கல்

தாராளமாக முடியும். ஆனால் நாகர்கோவிலில் இறங்க வேண்டாம். திருவனந்தபுரம் போகும் ரயிலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து குழித்துறையில் இறங்குங்கள். அங்கிருந்து மார்த்தாண்டம் பக்கம்தான். மேற்கே உள்ள கடலோர ஊர்களுக்கு மார்த்தாண்டத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். எல்லை தாண்டிக் கேரள பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் தேங்காப்பட்டணம். விடியற்காலையில் போய்ச் சேருங்கள். குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி (திருநெல்வேலித் தாமிரபரணி வேறு) கடலில் விழும் இடம் அது. இந்தக் கரையில் தேங்காப்பட்டணம், அந்தக் கரையில் இரையுமன்துறை. என் அப்பா அங்கே கடத்துக்காரராக இருந்தவர். கழுக்கோல் ஊன்றி வள்ளத்தில் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுவிடுவார். பள்ளிப் பிள்ளைகளிடம் காசு வாங்கமாட்டார். காற்று மாறினால், ஏறி உட்கார்ந்தவர்களைக்கூட இறக்கிவிட்டு, "கொஞ்சம் பொறுங்க மக்களே, பொழி சரியில்ல" என்பார். ஆறு கடலோடு சேரும் வாயை எங்கள் பக்கம் பொழி என்போம். இன்றைக்கு அங்கே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. மீன் ஏலம் நடக்கும்போது அம்மாவை ஓரமாக நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், தரை வழுக்கும்.

இரண்டாம் நாள் மார்த்தாண்டத்தில் நீரோடி பஸ் ஏறுங்கள். இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் கடலோரமாகக் கைகோத்து நிற்கும். நீரோடிதான் தமிழ்நாட்டின் கடைசி ஊர். அதற்கு அப்பால் பொழியூர், கேரளம். இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர்போனவர்கள். கொச்சியைத் தளமாக வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அப்படிப் போன பலர் திரும்பவில்லை. அந்த வீடுகளைத் தாண்டித்தான் நீங்கள் மணலுக்குப் போவீர்கள். ஆகவே கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கட்டாயம் எடுக்காதீர்கள்.

இந்தக் கரையில் 22 வருஷம் நான் பாடம் நடத்தினேன். 1994 ஜூன் மாதம், நல்ல மழை. ஒரு மாணவியின் வீட்டில் பேசிக்கொண்டிருந்துவிட்டு ரோட்டுக்கு வந்தால் பஸ் இல்லை. வலையை மடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "கடைசி வண்டி போச்சே டீச்சரே. இனி காலையிலதான். வாங்க, கஞ்சி குடிச்சிட்டுக் கிடக்கலாம்" என்றார். கஞ்சி, அவித்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), மீன் கறி. ஓலைக்கூரையில் இரவெல்லாம் மழை விழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த வீடு எல்லாருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து எந்த ஊரில் இறங்கினாலும் படியில் நின்றே கண்டக்டரிடம், "திரும்ப கடைசி வண்டி எப்போ?" என்று கேட்டுவிடுவேன். நீங்களும் கேளுங்கள். படகுக்கும் இதேதான். கடற்கரை எப்படியிருக்கும் என்று முன்கூட்டிப் படித்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நீரோடியிலிருந்து, கேரளத்தில் படகுச் சவாரிக்குப் பேர்போன பூவார் போக வேண்டுமென்றால், கடலோரச் சாலையை நம்பாதீர்கள். கடலரிப்பில் அது அங்கங்கே அறுந்துபோகிறது. கொல்லங்கோடு வந்து அங்கிருந்து பொழியூர், பூவார் என்று போவதே நிம்மதி. பஸ் வரத் தாமதமானால் ஆட்டோ கிடைக்கும். பங்குனி பரணியில் கொல்லங்கோடு பத்ரகாளி கோயில் தூக்கத் திருவிழா நாளாகப் பார்த்து வந்துவிடாதீர்கள். பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது.

பாஷை பற்றி அம்மா கவலைப்படவே வேண்டாம். இங்கே தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். 1956 நவம்பர் 1 வரை இது முழுக்கத் திருவிதாங்கூர்-கொச்சிதானே. கேரள பஸ்ஸின் போர்டு மலையாளத்தில் இருக்கும், அது ஒன்றுதான் சிரமம். தங்கும் இடத்தில் யாரிடமாவது ஊர்ப் பெயரை மலையாளத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, போர்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவயதுப் பெண் யாராவது நின்றால், "சேச்சி, பூவார் போகுமா?" போதும்.

பூவாரில் படகுக்கு ஆளுக்கு ஆள் ஒரு ரேட் சொல்கிறார்கள். நாங்கள் ஆறு பேர். அங்கே பொழியில் குளிக்கலாமா?
— கல்லூரி மாணவர், விருதுநகர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. அகத்தியமலைப் பக்கத்திலிருந்து வரும் நெய்யாறு அங்கே கடலில் சேர்கிறது. மணல்திட்டு ஒரு மாதம் அடைந்திருக்கும், ஒரு மாதம் திறந்திருக்கும். திறந்திருக்கும்போது மேலே கண்ணாடி மாதிரி தெரியும் தண்ணீர் அடியில் இழுக்கும். நீச்சல் தெரிந்தவனையும் இழுக்கும்.

ரேட் விஷயம்: ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூடவே நடந்து வந்து பேசுகிறவர்களிடம் முடிவு செய்யாதீர்கள். படகுத்துறை வரை நடந்து, இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். எத்தனை நேரம், எங்கெல்லாம் போகும், தொகை படகுக்கா ஆளுக்கா, இந்த மூன்றையும் ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். உயிர்க்கவசம் ஆளுக்கொன்று கையில் வந்த பிறகே காலை எடுத்து வையுங்கள். இருட்டிய பிறகு எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் ஏறாதீர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூர் தூவல்தீரத்தில் அந்தி சாய்ந்த பிறகு, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர். உங்கள் வயதுப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் வகுப்பில் பார்த்தவள் சொல்கிறேன், படகில் ஆள் அதிகம் என்று தோன்றினால் வெட்கப்படாமல் இறங்கிவிடுங்கள்.

ஏப்ரல், மே விடுமுறையில் வரலாமா? மழை இருக்காதே?
— வாசகர், கோவை

கோடை மழை அவ்வப்போது வரும், அதைச் சமாளிக்கலாம். ஆனால் அந்த மாதங்களில்தான் கள்ளக்கடல் வரும். காற்று இல்லை, மேகம் இல்லை, வெயில் அடிக்கிறது. தூரத்துத் தென்கடலில் எழுந்த அலை நம் கரையில் வந்து ஏறும். திருடனைப் போல வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் அது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது. எச்சரிக்கை விட்டிருந்தால் செய்தியில் வரும், பாருங்கள். அதைவிட, கரையில் வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஜூன், ஜூலை வேண்டவே வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது.

ஓய்வு பெற்றவன் நான். வைக்கத்தில் பெரியார் நினைவகத்தைப் பார்க்க ஆசை. அப்படியே ஏதாவது கடற்கரையும் சேர்த்துக்கொள்ளலாமா? படகுப் பயணமும் வேண்டும்.
— வாசகர், மதுரை

உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. போன வருஷம் நானே போய்வந்த வழியைச் சொல்கிறேன்.

கோட்டயத்தில் ரயிலை விட்டு இறங்கி வைக்கம் பஸ். நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பர் 12 அன்று திறந்தார்கள். நிதானமாகப் பாருங்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க உரிமை கேட்டு 1924-இல் தொடங்கிய போராட்டம். நம் ஈரோட்டுக்காரர் அங்கே போய்ச் சிறையில் இருந்தார். பிறகு அந்தத் தெருக்களிலும் ஒரு நடை நடந்துவிட்டு, படகுத்துறைக்கு வாருங்கள். 1925 மார்ச்சில் காந்தி வைக்கத்துக்குப் படகில்தான் வந்து இறங்கினார்.

அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்கு அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு ஓடுகிறது. 2017 ஜனவரியில் விட்ட 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகு ஓடும் தடம் இதுதான். 75 பேர் உட்காரலாம். நான் ஏறியபோது அது கிடைத்தது. டீசல் புகை இல்லை, இன்ஜின் அலறல் இல்லை. பக்கத்தில் மளிகைப் பையோடு ஒருவர், சீருடையில் நான்கு பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு பாட்டி. கட்டணம் சில்லறைக் காசுதான். சுற்றுலாப் படகுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பார்க்கும் அதே காயல், அதே தென்னை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்தப் படகில் ஒரு முறை உட்கார வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தவணக்கடவில் இறங்கியதும் சேர்த்தலைக்கு பஸ். சேர்த்தலையிலிருந்து அர்த்துங்கல் கடற்கரைக்கு இன்னொரு பஸ். புனித அந்திரேயா பசிலிக்கா அங்கே இருக்கிறது. ஜனவரி 20 செபஸ்தியார் திருநாளை ஒட்டிப் பெருங்கூட்டம் கூடும், அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மாலை வெயிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, சேர்த்தலையிலேயே ரயில் ஏறலாம். வைக்கத்துக்குத் திரும்புவதானால் மட்டும் கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே துறையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பூவாரிலிருந்து கால்வாய் வழியாக வள்ளத்தில் கொப்பரை ஏற்றி வந்ததாக என் தாத்தா சொல்வாராம். அந்தக் கால்வாய் இப்போது இருக்கிறதா? படகு போகுமா?
— வாசகர், சென்னை

இருக்கிறது. படகு போகாது. இதை எழுதவே மனசு கனக்கிறது.

அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். உத்திராடம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராஜா 1860-இல் தொடங்கியது. அனந்தபத்மநாபர், விக்டோரியா மகாராணி, ராஜா, மூவர் பெயரும் அதில் உண்டு. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் தண்ணீர் வழியாகவே இணைப்பது திட்டம். கன்னியாகுமரி வரை போய்ச் சேரவில்லை. சேர்ந்த மட்டும் உப்பும் கொப்பரையும் கயிறு திரிக்கும் தும்பும் அதில்தான் போய்வந்தன. இன்று சில இடத்தில் ஆக்கிரமிப்பு, சில இடத்தில் சாக்கடை, சில இடத்தைக் கடலே கொண்டுபோய்விட்டது. தண்ணீர் நிற்கிற இடங்களில் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்டிருப்பார்கள். கிட்டப் போனால் அந்த வாடை அடிக்கும். எனக்கு அது சின்ன வயசு வாடை.

நீரோடி பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். கடலுக்கும் ஊருக்கும் உள்பக்கமாக, பாசி படிந்த ஒரு நீர்க்கோடு அங்கங்கே தெரிந்து மறையும். அதுதான். உங்கள் தாத்தா எந்தக் கடவில் ஏறினார், எங்கே சரக்கு இறக்கினார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். நான் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு உங்களுக்குப் பதில் போடுகிறேன்.