வேகம் காட்டும் குழாய்க்குச் சூடு எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவிலுள்ள என் மச்சான் வீட்டு கராஜிலேயே ஆர்.வி.-9 விமானமொன்றைக் கட்டி வருகிறார். மேகத்துக்குள் பறக்கும் எண்ணம் இல்லையாம். சூடேறும் பிட்டோ குழாய் வாங்குவதா, சாதாரணக் குழாயே போதுமா என்று கேட்கிறார். வாகன மின்வேலை செய்யும் நான் என்ன சொல்லட்டும்?
– வாசகர், ஹட்டன்

பதில்: சூடேறுவதையே வாங்கச் சொல்லுங்கள். இறக்கையை மூடி றிவெட் அடித்த பிறகு மனம் மாறினால், தடித்த வயரை உள்ளே இழுப்பது பெரும்பாடு. பணம் இடிக்கிறதென்றால் தாங்கியையும் வயரையும் இப்போதே போட்டுவிட்டு, குழாயைப் பிறகு வாங்கலாம்.

பிட்டோ முன்னிருந்து மோதும் காற்றின் அமுக்கத்தை எடுத்துத் தருகிறது. அதிலிருந்து வெளிக்காற்றின் அமுக்கத்தைக் கழித்து மானி வேகத்தைக் காட்டுகிறது. முன்துளை மட்டும் பனியால் அடைந்து, உள்ளே புகும் தண்ணீரை வெளியேற்றும் வடிதுளை திறந்திருந்தால் முள் பூச்சியத்துக்கு இறங்கும். பார்த்தவுடன் பிடிபடும். இரண்டும் அடைந்தால்தான் ஆபத்து: மானி உயரமானி போல நடக்கத் தொடங்கி, ஏற ஏற வேகம் கூடுவதாகப் பொய் சொல்லும். 1974 டிசம்பர் 1 அன்று நார்த்வெஸ்ட் 6231 என்ற போயிங் 727 இப்படித்தான் விழுந்தது. பிட்டோ சூட்டு சுவிட்ச் போடப்படவில்லை. வேகம் கூடுகிறதென்று நம்பி மூக்கை உயர்த்திக்கொண்டே போனார்கள். இறக்கை தூக்குவிசையை இழந்து, அதாவது விமானம் ஸ்டோலாகி விழ, அதிலிருந்த மூவரும் இறந்தார்கள்.

எதை வாங்குவது? ஏ.என்.5812 வகையில் உள்ளே வெறும் சூட்டுச் சுருள், இரண்டு வயர், அவ்வளவுதான். 12 வோல்ட் அமைப்பில் 8 முதல் 10 அம்பியர் வரை இழுக்கும். மற்றது கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் வருவது. அது வெப்பநிலையைப் பார்த்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். டைனன், கார்மின் ஆகிய இரு நிறுவனங்களின் குழாய்களிலும் இது உண்டு, தாக்குகோணம் (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்) அறியும் இரண்டாவது துளையும் உண்டு. மச்சான் விமானத்தில் போடும் மின்னணு மானித் திரை எந்த நிறுவனத்துடையதோ அதே நிறுவனத்தின் குழாயை வாங்குவது தலைவலியைக் குறைக்கும்.

பழைய குழாய் வாங்குவதென்றால் உங்கள் மல்டிமீற்றருக்கு வேலை இருக்கிறது. 14 வோல்டில் 10 அம்பியர் என்றால் சூடான நிலையில் தடை ஏறத்தாழ 1.4 ஓம்; குளிர்ந்திருக்கும்போது அதைவிடக் குறையும். 28 வோல்ட் குழாயில் இது நான்கு மடங்குக்குக் கிட்ட வரும். அதைத் தெரியாமல் 14 வோல்டில் போட்டால் கால்வாசிச் சூடுதான் வரும். கையில் தொட்டால் சுடும், வானத்தில் பனியை உருக்காது.

கேள்வி: ஜனவரியில் எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் உறைபனி கொட்டுகிறது. அப்படியானால் இங்கே பறக்கும் சிறிய விமானத்துக்கும் சூடு கட்டாயம்தானே?
– வாசகி, நுவரெலியா

பதில்: இல்லை. அது மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை இழப்பதால் தரையோடு ஒட்டி வரும் குளிர். விடிந்து வெயில் ஏறினால் போய்விடும். இலங்கைக்கு மேலே காற்று உறைநிலையைத் தொடுவது ஏறத்தாழ 16,000 அடியில். பிதுருதலாகலையே 8,281 அடிதான். சிறிய விமானங்கள் வழக்கமாகப் பறக்கும் உயரத்தில் பிட்டோவில் பனி பிடிக்காது. ஈரமான மலைக்காற்றில் காபரேட்டருக்குள் பனி பிடிப்பதுதான் கவலைக்குரியது. வெளியே 20 பாகை இருந்தாலும் அது நடக்கும்.

நம் பக்கத்தில் பிட்டோவுக்கு எதிரி மழைத்தண்ணீரும் மண்கூடு கட்டும் குளவியும். 1996 பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் பேர்கனெயார் 301 என்ற பயணிகள் விமானம் விழுந்து 189 பேர் இறந்ததற்கும், மூடி போடாமல் நிறுத்தியிருந்த விமானத்தின் பிட்டோவுக்குள் குளவி கட்டிய கூடே காரணம் என்று கருதப்பட்டது. குளவிக்கு மருந்து மூடிதான், சூடு அல்ல. ஆனால் மூடியைக் கழற்றாமல் சுவிட்சைப் போட்டால் துணியோ பிளாஸ்டிக்கோ உருகித் துளைக்குள் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மூடியில் நீளமான சிவப்பு நாடா தொங்குகிறது.

கேள்வி: இரத்மலானையில் விமானப் பராமரிப்புப் படிக்கிறேன். உலோக இறக்கையில் சூடேறும் பிட்டோ பொருத்தும்போது எங்கே பிழை வரும்?
– மாணவர், பண்டாரவளை

பதில்: முதலில் இடம். புரொப்பெல்லர் தள்ளும் காற்றுக்கு வெளியே, இறக்கையின் அடிப்பக்கத்தில், முனை தோலிலிருந்து 12–15 சென்ரிமீற்றராவது கீழே இருக்கட்டும். ஸ்பாருக்கு (இறக்கையின் நீளவாட்டு முதுகெலும்புக்கு) அருகே, கை நுழையும் மூடியொன்று பக்கத்தில் இருக்கும் இடமே நல்லது. ஆனால் அங்கேதான் ஏலரோனை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடலை) அசைக்கும் தள்ளுகோலும், அதன் அசைவைத் திசைதிருப்பும் பெல்கிராங்கும் ஓடும். துளை வெட்டுமுன் ஏலரோனை இரு பக்கமும் முழுதாக அசைத்து, குழாயோ வயரோ எங்கும் உரசாது என்று பாருங்கள். விமானத்தைத் தரையில் கட்டும் கயிறு பிட்டோவில் உராயுமா என்பதையும் பாருங்கள்.

இறக்கைத் தோல் ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லியது. தாங்கியை அதில் மட்டும் பிடித்தால் அதிர்ந்து வெடிக்கும். உள்ளே டப்ளர் எனப்படும் பலப்படுத்தும் தகடு வைத்து, ரிப்புடனோ (குறுக்குச் சட்டத்துடனோ) ஸ்பாருடனோ சேர்த்து றிவெட் அடியுங்கள். காகித மாதிரியை ஒட்டி, துளையைச் சிறிதாக வெட்டி, அரத்தால் பெரிதாக்குங்கள். குழாயைப் பிடிக்கும் திருகுகள் நட்பிளேட்டில் (உள்ளே நிலையாகப் பொருத்திய நட்டில்) இறங்கட்டும். சாதாரண நட் போட்டால் பிறகு கழற்ற முடியாது.

அதிகமானோர் கோட்டைவிடுவது சூட்டில். பிட்டோவின் வால்பகுதியும் சூடாகும். அதில் நேரடியாக நைலோன் குழாயைச் செருகினால் அது இளகி நழுவும். முதல் 30 சென்ரிமீற்றருக்கு 3003-ஓ அல்லது 5052-ஓ மென் அலுமினியக் குழாய், அதற்கப்பால் நைலோன். குழாயின் விட்டம் மாடலுக்கு மாடல் மாறும். இணைப்புக்காகக் குழாயின் வாயை விரிப்பதுதான் ஃபிளேர்: விமான ஃபிளேர் 37 பாகை, வாகன ஃபிளேர் 45 பாகை. கராஜில் கிடக்கும் கருவியை எடுத்தால் இறுக்கமாக உட்கார்ந்தது போலத் தெரிந்து, பிறகு கசியும், வெடிக்கும். ஃபிளேரில் டெஃப்லோன் டேப் சுற்றவே கூடாது. குழாய் நடுவில் தொய்ந்து நின்றால் அங்கே தண்ணீர் தேங்கும். பிட்டோவை நோக்கி வடியும்படி சாய்வு கொடுங்கள். பிட்டோவைக் கீழே இறக்கிக் கழற்றக் கொஞ்சம் நீளமும் விடுங்கள்.

வயர்: 6 மீற்றர் தூரம், 10 அம்பியர் என்றால் 14 கேஜில் அரை வோல்ட் இழப்பு, 12 கேஜில் 0.3 வோல்ட். நான் 12 கேஜையே எடுப்பேன். 15 அம்பியர் பிரேக்கர் போதும். உலோக இறக்கையில் எர்த்தை அருகிலேயே கொடுக்கலாம், ஆனால் வர்ணத்தையும் பிரைமரையும் சுரண்டிய இடத்தில். ஃபைபர் இறக்கை என்றால் திரும்பிவரும் வயரும் தேவை, இழப்பு இரட்டிப்பாகும். கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் வரும் வயரை, கைநூலில் அனுமதி இல்லாமல் வெட்டி நீட்டாதீர்கள்.

இன்னொன்று, எச்சரிக்கை விளக்கு. சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்து எடுத்த விளக்கு வோல்ட் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். உள்ளே சுருள் அறுந்திருந்தாலும் எரியும். மின்னோட்டத்தை உணரும் ரிலேயை வைத்து, ஓட்டம் நின்றால் மஞ்சள் விளக்கு எரியும்படி செய்யுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ளவற்றில் இதற்கென்றே ஒரு வயர் வரும்.

கேள்வி: ரோட்டக்ஸ் 912 யு.எல்.எஸ். என்ற சிறிய விமான எஞ்சின் சூடேறும் பிட்டோவின் மின்சுமையைத் தாங்குமா?
– வாசகர், பதுளை

பதில்: இறுக்கம்தான். அதன் உள் ஜெனரேட்டர் முழு வேகத்தில் 250 வாட், அதாவது 18 அம்பியர் அளவு தரும். பிட்டோ மட்டும் 140 வாட் கேட்டால் ரேடியோ, திரை, விளக்குகளுக்கு மிஞ்சுவது 8 அம்பியர். தரையில் மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை, பேட்டரி வடியும். கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது துணை ஓல்டர்னேட்டர் போடுங்கள். தரையில் சோதிக்க ஒரு நிமிடம் போதும். காற்றோட்டமில்லாமல் அதற்கு மேல் விட்டால் சுருள் கெடும், தொட்டுப் பார்ப்பவரின் விரலும் வேகும்.

கேள்வி: கசிவையும் மானியின் சரியையும் விலையுயர்ந்த கருவி இல்லாமல் பார்க்க வழியுண்டா?
– விஞ்ஞான ஆசிரியர், வெலிமடை

பதில்: உங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கும் யு வடிவத் தண்ணீர்க் குழாயே போதும். வடிதுளையை டேப்பால் மூடி, பிட்டோவின் வாயில் மென்குழாயைச் செருகி, டி இணைப்பால் தண்ணீர்க் குழாயையும் ஊசியில்லாத சிரிஞ்சையும் சேருங்கள். மெதுவாக அழுத்துங்கள். இரு பக்கத் தண்ணீரின் உயர வேறுபாடு 16.6 சென்ரிமீற்றர் வரும்போது மானி 100 நாட் (மணிக்கு 100 கடல்மைல்) காட்ட வேண்டும், 37.7 வரும்போது 150. அங்கே நிறுத்தி மென்குழாயைக் கிள்ளிப் பிடித்து, ஒரு நிமிடம் பாருங்கள். முள் இறங்கினால் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். வாயால் ஊதாதீர்கள், உறிஞ்சவும் கூடாது. மானியின் உள்ளே இருக்கும் மெல்லிய பெட்டி கெட்டுவிடும். அடைப்பை எடுக்கக் கம்பிரெசர் காற்று தேவைப்பட்டால், முதலில் மானியைக் கழற்றிவிட்டு, மானிப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி ஊதுங்கள். வேலை முடிந்ததும் வடிதுளையில் ஒட்டிய டேப்பை எடுங்கள்.