நரம்பியலும் ரோபோவும் சேரும் பன்னாட்டு ஆய்வில் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

கீழக்கரையைச் சேர்ந்த தந்தை ஒருவர் கேட்டிருக்கிறார். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகள், நரம்பியலையும் ரோபோ தொழில்நுட்பத்தையும் இணைக்கும் ஆய்வுக்குப் போக விரும்புகிறாள். ஆனால் அத்துறைக் கட்டுரை எதை எடுத்தாலும் மூன்று நான்கு நாட்டு ஆய்வகங்களின் பெயர்கள் இருக்கின்றன. ஏன் அப்படி, இங்கிருந்து போகும் ஒரு பெண்ணுக்கு அதில் இடம் கிடைக்குமா என்பதே அவர் கேள்வி. இராமநாதபுரம் மாவட்டத்தில் விலங்கியல் கற்பிப்பவன் என்ற முறையிலும், கணவாய் இனங்களைப் பல காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இடம் உண்டு. அதற்கான காரணம் பலரும் நினைப்பதுபோல் கணினியில் தொடங்குவதில்லை, கடலில் தொடங்குகிறது.

பாம்பன், மண்டபம் பகுதியில் பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, அறுத்துச் சுத்தம் செய்தவர்கள் எல்லோரும் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். உடலிலிருந்து வெட்டியெடுத்த கை உடனே ஓய்ந்துவிடுவதில்லை. அது நெளிகிறது, சுருள்கிறது. அதன் உறிஞ்சிகள் அறுப்பவரின் விரலிலேயே ஒட்டிக்கொள்கின்றன, ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. தலையோடு தொடர்பே இல்லாத ஒரு கை எப்படிப் பற்றுகிறது? பேய்க்கணவாயின் உடலில் ஏறக்குறைய 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பின்யமின் ஹோக்னர், வைஸ்மன் நிறுவனத்தின் தமார் பிளாஷ், இத்தாலியில் நேப்பிள்ஸ் கடல் உயிரியல் நிலையத்தின் கிராசியானோ ஃபியோரித்தோ ஆகியோர் அடங்கிய குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், மூளையோடு உள்ள நரம்புத் தொடர்பை அறுத்த பிறகும் கையின் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால், உயிருள்ள விலங்கு கையை நீட்டும் அதே வடிவில் அந்தக் கை நீள்வதைக் காட்டினார்கள். நம் ஊரில் படகின் உரிமையாளரான சம்மாட்டி தொழிலுக்குப் போகச் சொல்வதோடு சரி, வலையை எப்படி விடுவது, எப்போது இழுப்பது என்பதைக் கடலில் நிற்பவர்கள் தீர்மானிப்பதைப் போல, மூளை கட்டளையை மட்டும் தருகிறது. அதை நிறைவேற்றும் முறை கைக்குள்ளேயே இருக்கிறது.

அதே குழுவினர் பின்னர் கண்டது எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது. எலும்பே இல்லாத அந்தக் கை, இரையை வாய்க்குக் கொண்டுவரும்போது மட்டும் நம் முழங்கையைப் போன்ற ஒரு மடிப்பைத் தற்காலிகமாக உண்டாக்கிக்கொள்கிறது. கையின் அடியிலிருந்து ஒன்றும், இரையைப் பற்றிய இடத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு தசை அலைகள் எதிரெதிரே ஓடிவருகின்றன. அவை சந்திக்கும் இடத்தில் மடிப்பு விழுகிறது. ஆகவே மடிப்பு எங்கே விழவேண்டும் என்று எந்த மூளையும் கணக்குப் போடத் தேவையில்லை.

பொறியாளர்கள் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறார்கள். எந்தப் பக்கமும் வளையக்கூடிய ஒரு ரோபோ கையின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு மையக் கணினி கட்டுப்படுத்த வேண்டுமென்றால் அந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது. விலங்கு அந்தச் சிக்கலை ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு தொடங்கிய ஆக்டோபஸ் திட்டத்தை இத்தாலியின் பீசா நகரில் சாந்த் அன்னா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த சிசிலியா லாஸ்கி ஒருங்கிணைத்தார். விலங்கைப் பற்றிய அறிவு பெருமளவில் ஜெருசலேமிலிருந்து வந்தது. கையைக் குறுக்கே இறுக்கினால் பருமன் மாறாமல் நீளம் கூடும் என்ற உயிரியல் உண்மையை, சூடேற்றினால் சுருங்கும் உலோகக் கலவைச் சுருள்களாலும் நீளவாக்கில் ஓடும் கம்பிகளாலும் மென்மையான ஒரு கையாகச் செய்து காட்டினார்கள்.

பல நாடுகள் ஏன் என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. பணமும் கருவியும் பகிர்ந்துகொள்வதற்காகவே கூடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஓரளவுதான் உண்மை. ஒரு விலங்கை அறிய ஓர் ஆய்வகத்துக்கு இருபது முப்பது ஆண்டுகள் பிடிக்கின்றன. ஓர் இயந்திர வகையைப் பழுதில்லாமல் செய்யக் கற்பதற்கும் அவ்வளவு காலம் வேண்டும். இந்த இரண்டும் ஒரே வளாகத்தில் அமைவது மிக அரிது.

இயந்திரமும் வெறும் நகலாக நின்றுவிடுவதில்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். விலாங்கைப் போல நெளிந்து நீந்தும் லாம்ப்ரே என்ற தாடையற்ற மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டுவடத்தில் நீச்சலின் தாளத்தை எழுப்பும் நரம்புச் சுற்றுகள் இருப்பதை ஸ்டாக்ஹோமில் ஸ்டென் கிரில்னர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். ஆனால் அந்தச் சுற்றுகளின் பங்கு எவ்வளவு, உடலின் இருபுறமும் மோதும் நீரின் அழுத்தத்தை உணர்வதன் பங்கு எவ்வளவு என்பதை உயிருள்ள மீனில் பிரித்துப் பார்ப்பது கடினம். ஒன்றைத் துண்டிக்கப் போனால் மற்றதும் சேதமாகும். சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆக்கே ஐஸ்பீர்ட்டின் ஆய்வகம், ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகம், பிரான்சின் நாந்த், கனடாவின் ஷெர்புரூக் ஆகிய இடங்களின் ஆய்வாளர்களோடு சேர்ந்து, பக்கவாட்டில் விசையுணரிகள் பொருத்திய அக்னதா எக்ஸ் என்ற நீந்தும் ரோபோவைச் செய்தது. அதில் நரம்புச் சுற்றுகளுக்கு ஈடாக ரோபோவின் உடல் கணுக்களுக்கு இடையே உள்ள தொடர்பை மட்டும் நிறுத்தலாம், உணரியை மட்டும் நிறுத்தலாம், பிறகு இரண்டையும் பழையபடி இயக்கலாம். 2021இல் வெளியான முடிவின்படி, நீரின் விசையை உணர்வதை மட்டும் கொண்டே நெளிவு அலை உருவாக முடிந்தது. இரண்டு வழிகளும் சேர்ந்திருந்தபோது சில தொடர்புகளைத் துண்டித்தும் ரோபோ நீந்தியது. உயிரியலாளரின் கேள்விக்கு இங்கே பொறியாளர் விடை தந்திருக்கிறார்.

2008இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடைப்பொறியில் நடந்துகொண்டிருந்த ஒரு குரங்கின் மூளைக் குறிகைகள் ஜப்பானின் கியோட்டோவில் இருந்த மனித வடிவ ரோபோவை நடக்க வைத்த செய்தியைத் தாங்கள் படித்திருக்கலாம். அரிய சாதனைதான். எனினும் உங்கள் மகளுக்கு நான் காட்டும் முன்மாதிரி லாம்ப்ரே ஆய்வே, ஏனெனில் அதில் இரு துறைகளும் ஒன்றையொன்று திருத்துகின்றன.

இனி நம் கரை. மன்னார் வளைகுடாவில் கணவாய்கள் வளமாக உள்ளன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இயங்குகிறது. 1872இல் நிறுவப்பட்ட நேப்பிள்ஸ் நிலையம், ஆய்வு மேசைகளைப் பல நாடுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வாடகைக்கு விட்டே உலக விஞ்ஞானிகளைத் தன்னிடம் வரவழைத்தது. அப்படியொரு பன்னாட்டுக் கூடம் மண்டபத்தில் அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்கு முறையான அனுமதிகள் தேவைப்படும். இங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனத்துறை இசைவு வேண்டும். வெளிநாட்டவர் நம் உயிர்வளத்தை ஆய்வுக்கு எடுக்க, 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். இந்த நடைமுறைகளை அறிந்த உள்ளூர் ஆய்வாளருக்குக் கூட்டு ஆய்வுகளில் தனி மதிப்பு உண்டு.

உங்கள் மகளுக்குச் சில சொற்கள். நிரலாக்கத்தையும் கட்டுப்பாட்டுப் பொறியியலையும் கல்லூரி கற்றுத்தரும். விலங்கைப் பார்க்கும் கண்ணை அவள்தான் தேடிக்கொள்ள வேண்டும். விடுமுறையில் ஒரு பேய்க்கணவாய் தொட்டியில் நண்டைப் பிடிப்பதை, உரிய மையத்தின் அனுமதியோடு, படம் பிடிக்கட்டும். மடிப்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதைச் சட்டகம் சட்டகமாக அளக்கட்டும். ஸ்திராஸ்பூரில் இயங்கும் மனித எல்லை அறிவியல் திட்டம் வெவ்வேறு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்த குழுக்களுக்கே ஆய்வு நிதி தருகிறது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அந்த நிதிக்கு விண்ணப்பிக்கும் நிலை முனைவர் பட்டத்துக்குப் பின்னரே வரும். முதுகலைக்கு ஓர் ஆய்வகத்துக்கு எழுதும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த அளவீட்டையும், அதிலிருந்து அவளுக்கு எழுந்த ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.