பழைய அச்சுப்படத்து உப்பிய கைக் கவுன் சீமாட்டி என்ன விலை பெறுவாள்?

லண்டன் வாசகி: போர்ட்டபெல்லோ சாலைப் பழம்பொருள் கடையில், தோள் உப்பிய கவுனும் உச்சிக் கொண்டையுமாக ஒரு சீமாட்டியின் அச்சுப்படம் வாங்கினேன். "1830, அசல்" என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தார் கடைக்காரர். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகம் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளிகள்.

பதில்: உங்கள் மீது ஒரு தவறும் இல்லை, ஏமாற்றியிருக்கிறார். அந்தக் காலத்திலும் அச்சுத் தகட்டில் புள்ளி குத்திப் படம் செதுக்கினார்கள். ஆனால் கையால் குத்திய புள்ளிகள் கன்னத்தின் வளைவுக்கேற்ப நெருங்கியும் விலகியும் போகும். வரிசை பிசகாத புள்ளி, 1880-களில் பரவிய புகைப்பட அச்சின் வேலை. வாங்கி 30 நாள் ஆகவில்லை என்றால், சொன்னபடி பொருள் இல்லை என்று பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி முழுப் பணத்தையும் கேளுங்கள். ரசீதை மட்டும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

மற்றொருவர்: தாள் நன்றாகப் பழுப்பேறியிருக்கிறது. அசல்தானே?

பதில்: தேநீரில் முக்கினாலும் பழுப்பேறும்.

பாரிஸ் வாசகர்: சேன் நதிக்கரைக் கடையில் ஓவியர் அஷில் தெவேரியாவின் அச்சுப்படம் ஒன்று பார்த்தேன். தகடு அழுந்திய தடமே இல்லை. போலியா?

பதில்: அவசரப்படாதீர்கள். தெவேரியா 1830 வாக்கில் பாரிஸ் பெண்களை வரைந்தது கல்லச்சில், அதாவது கல்லின் மேல் வரைந்து அச்சிடும் முறையில். செப்புத் தகட்டை ஈரத்தாளோடு உருளைக்கடியில் நசுக்கும்போதுதான் விளிம்பில் பள்ளம் விழும். கல்லச்சில் அது இருக்காது.

பர்மிங்காம் வாசகர்: "அபூர்வம், கையால் வண்ணம் தீட்டியது" என்று இணையத்தில் 85 பவுண்டுக்கு வாங்கினேன். ஆறு மாதம் ஆயிற்று. 'புக் ஆஃப் பியூட்டி' என்ற பழைய ஆண்டு மலரிலிருந்து வெட்டியது என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரை முதலில் கேட்டிருக்கலாம். செதுக்கோவியர் சார்லஸ் ஹீத் 1833-இல் தொடங்கிய அந்த ஆண்டு மலர், கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கவென்றே அச்சிட்டது. அதன் படங்களைச் செதுக்கிய எஃகுத் தகடு ஆயிரக்கணக்கில் பிரதி தாங்கும். அதில் அபூர்வம் எங்கிருந்து வந்தது? படங்களும் கறுப்பு வெள்ளையில் வந்தவை. புத்தகத்தைக் கிழித்து, படத்தின் கீழே பதிப்பாளர் பெயர் அச்சிட்டிருந்த வரியை நறுக்கி, உதட்டுக்குச் சிவப்பு தடவி மூன்று மடங்கு விலை வைக்கும் இந்தத் தொழிலைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நல்ல புத்தகமும் பாழ், நல்ல படமும் பாழ். என் வீட்டுச் சுவரிலும் அப்படியொரு நீலக் கண்ணழகி தொங்குகிறாள். அந்த நீலத்துக்கு என் வயதுகூட இராது. வண்ணப் படம்தான் வேண்டுமென்றால், 1809 முதல் 1828 வரை வந்த அக்கர்மன் என்ற லண்டன் பதிப்பாளருடைய இதழின் உடைப் படங்களைத் தேடுங்கள். அவை வண்ணம் தீட்டியே வெளிவந்தவை. இணையத்தில் வணிகரிடம் வாங்கியதைப் பொருள் வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். ஆறு மாதம் சுவரில் அழகு பார்த்துவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய?

இன்னொருவர்: படத்தின் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றித் தாளைக் காட்டச் சொன்னேன். விற்பவர் மறுக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.