எமிலி டிக்கின்சன் தம் வாழ்நாளில் ஏன் அறியப்படவில்லை?

அவர் கவிதைகளை யாருக்குமே காட்டாமல் மறைத்து வைத்தார் என்ற எண்ணமே உங்கள் கேள்விக்குப் பின்னால் இருப்பதாகத் தோன்றுகிறது. அது முழு உண்மை அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்டில் 1830 முதல் 1886 வரை வாழ்ந்த கவிஞர் டிக்கின்சன், அண்ணி சூசனுக்கும் நண்பர்களுக்கும் நூற்றுக்கணக்கான கவிதைகளைக் கடிதங்களோடு அனுப்பி வந்தார். அவர் வாழ்ந்தபோது அச்சில் வந்தவை ஏறக்குறைய பத்துதான். அவற்றிலும் அவர் பெயர் இல்லை.

அச்சில் வெளியிட அவர் தயங்கியதற்கு, அச்சிட்டவர்கள் அவருடைய நிறுத்தற்குறிகளில் கைவைத்தார்கள் என்பது முக்கியமான காரணம் என்று கருதுகிறேன். 1866இல் பாம்பைப் பற்றிய கவிதை ஒரு நாளிதழில் வந்தபோது, மூன்றாம் அடியையும் நான்காம் அடியையும் பிரித்து நிறுத்திய குறியால் பொருளே சிதைந்துவிட்டது என்று, தாம் கடிதத் தொடர்பு வைத்திருந்த எழுத்தாளர் ஹிக்கின்சனுக்கு எழுதி வருந்தினார். அவர் கவிதையில் நிறுத்தற்குறியாக வரும் சிறு கோடு (—) வெறும் அலங்காரம் அன்று. மூச்சு நிற்கும் இடமும், சொல்லாமல் விட்டதை வாசகர் உணரும் இடமும் அதுவே.

அவர் மறைந்த பின், தங்கை லவினியா அறையில் கண்டெடுத்தவற்றுள் கவிதைகளை எழுதி நூலால் தைத்த சுமார் 40 சிறு ஏடுகள் இருந்தன. குடும்ப நண்பர் மேபல் லூமிஸ் டாடும் ஹிக்கின்சனும் 1890இல் முதல் தொகுப்பை வெளியிட்டனர். ஆயினும் எதுகைகளைச் சீராக்கித் தலைப்புகளையும் சேர்த்தே வெளியிட்டனர். கையெழுத்துப்படிகளைத் தழுவிய முழுமையான பதிப்பு, ஆய்வாளர் தாமஸ் ஜான்சனின் உழைப்பால் 1955இல்தான் கிடைத்தது. ஆகவே, வாசிக்கத் தொடங்குகிறவர்கள் 1955க்குப் பிந்தைய பதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.