இலை, வேர், பட்டை: வாசகர் கேள்விகள்

மதுரைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து, சிறுமலை மூலிகைகளை ஆராய்ந்து ஓய்வுபெற்ற பேராசிரியை பதில் சொல்கிறார்.

மூலிகை விஞ்ஞானி என்றால் நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்? காட்டிலா, ஆய்வகத்திலா?
(கல்லூரி மாணவர், உசிலம்பட்டி)

காடு கொஞ்சம், ஆய்வகம் கொஞ்சம், மீதி நேரம் பழைய செய்தித்தாளோடு மல்லுக்கட்டு. சிரிக்காதீர்கள் தம்பி. சிறுமலையிலோ அழகர்மலையிலோ ஒரு செடியை எடுத்தால் வேர், பூ, காய் எல்லாம் தெரிகிற மாதிரி தாளுக்குள் விரித்து அழுத்த வேண்டும். தினம் தாள் மாற்ற வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் சோம்பினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும் என்பதால், நிறம், மணம், பால் வடிகிறதா, எந்த ஓடைக்கரை, என்ன தேதி என்று அங்கேயே நின்று எழுதிக்கொள்ள வேண்டும். பின்னாளில் யாராவது "நீங்கள் ஆராய்ந்தது இந்தச் செடிதானா?" என்று கேட்டால் எடுத்து நீட்ட அந்தத் தாள்தான் சாட்சி. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பாதிரியார் கே.எம். மேத்யூ 1967இல் தொடங்கிய, இப்படி அழுத்திய செடித் தாள்களைச் சேர்த்து வைக்கும் ராபினாட் தாவரக் காப்பகம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி ஒரு பொட்டலம் வாங்கி, வெள்ளைத்தாளில் கொட்டி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். குச்சிக்கு அடியில் கடுகு கடுகாகத் தொங்கும் காயை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். பூவைப் பிரித்தால்தான் குட்டு வெளிப்படும். பூமடல் ஐந்து என்றால் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஆறு என்றால் அது ஃபிராட்டெர்னஸோ வேறு சொந்தக்காரனோ. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். வரப்பில் பறிக்கிற அம்மாவுக்கு எல்லாமே கீழாநெல்லிதான். ஆராய்ச்சி செய்கிறவருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லிதான் மருந்து என்று அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டதாமே?
(வாசகி, திருமங்கலம்)

பாதிக் கதைதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கல்லீரலைத் தாக்கிக் காமாலை வரவைக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுநாளாக உடம்பில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், மூன்று வேளை, ஒரு மாதம் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. மருந்தில்லாத போலி மருந்து கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. எங்களைப் போன்றவர்களுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் தாய்லாந்து, நெதர்லாந்து, நியூசிலாந்து என்று பல இடங்களில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. மண் காரணமா, பறித்த பருவமா, செடியே வேறா என்று பெரிய விவாதம். முதல் கட்டுரை பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் சென்னையில் கேட்ட மருந்து பாங்காக்கில் கேட்கவில்லை என்றால், மருத்துவர் அதை நம்பிச் சீட்டில் எழுத முடியாது.

இன்னொன்று. ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் மோரில் எதைக் கலக்கிக் குடித்தாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும். கண் மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் அம்மா. எந்த வகை என்று தெரியாமல் வீட்டில் அரைத்துக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

மகளுக்கு நீட் கைகொடுக்கவில்லை. மூலிகை ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். சோறு போடுமா?
(தந்தை, மேலூர்)

போடும். கொஞ்சம் தாமதமாகப் போடும். சித்த மருத்துவப் படிப்புக்கும் நீட் கேட்கிறார்கள் என்பதால், பி.எஸ்சி. தாவரவியலோ பி.பார்மோ சேரட்டும். எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கிவிட்டால் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், லக்னோவில் மூலிகை, வாசனைச் செடிகளை ஆராயும் சிமாப் என்று ஆராய்ச்சி நிறுவனங்களும் உண்டு.

வேதியியலை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெறும் தாவரவியல் படித்தவர் தன் செடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அடுத்தவர் ஆய்வக வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். அசிமா சாட்டர்ஜி 1944இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் வாங்கிய வேதியியல்காரர். வலிப்பு நோய்க்கு அவர் மருந்து கண்டது எதிலிருந்து தெரியுமா? நம் வாய்க்கால் ஓரத்தில் கிடக்கும் ஆரைக்கீரை இனத்திலிருந்து.

சதுரகிரியில் இரவில் ஒளிவிடும் ஜோதிப்புல் இருக்கிறதாமே, பார்த்திருக்கிறீர்களா?
(பக்தர், வத்திராயிருப்பு)

பார்த்ததில்லை. பார்த்தேன் என்றவர்களும் இதுவரை ஒரு துண்டு கொண்டுவந்து காட்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் மக்கிய கட்டையில் ஒளிரும் காளான்கள் உண்டு. ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறேன். இந்த விதையை வாங்கிப்போய் என்ன செய்கிறார்கள்?
(விவசாயி, ஒட்டன்சத்திரம்)

அதிலுள்ள கால்சிசின் என்ற வேதிப்பொருளுக்காகத்தான் ஐயா வாங்குகிறார்கள். கௌட் என்கிற மூட்டு வீக்கத்துக்கு மருந்து அது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கிற நூல்களை அது உருவாக விடாது. அதனால் செல் பிரியாமல் குரோமோசோம் மட்டும் இரட்டிப்பாகிவிடும். தலச்சேரியில் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் இந்தக் கால்சிசினை வைத்துத்தான் மக்னோலியாக்களில் சோதனை செய்தார். அங்கே ஒரு மக்னோலியா ரகத்துக்கு அவர் பெயரே இருக்கிறது. கடைசிக் காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் மதுரவாயலில் தங்கி மூலிகைத் தோட்டம் வளர்த்தார். 1984இல் காலமானார்.

பந்தலில் நின்று பூ பூவாக மகரந்தம் தொட்டு வைக்கிற உங்கள் வேலையும் தாவரவியல்தான். கிழங்கு கொடிய விஷம் என்பது உங்களுக்கே தெரியும். விதைக் கிழங்கை வீட்டுக்குள், சமையல் சாமான் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அப்பா பரம்பரை வைத்தியர். ஒரு ஆய்வாளர் வந்து செடியைக் காட்டச் சொல்கிறார். காட்டலாமா?
(வாசகர், பேரையூர்)

1987இல் அகத்தியமலையில் வழிகாட்டியாகப் போன காணிக்காரர்கள் என்ற மலைவாழ் மக்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்ததைக் கூட வந்த விஞ்ஞானிகள் கவனித்தார்கள். எளிதில் சொல்ல அவர்களுக்கு மனமில்லை. ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து, கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் ஒரு மருந்து நிறுவனத்துக்குக் கொடுத்தது. பாதி காணிக்காரர்களுக்கு என்று பேச்சு. பணம் போய்ச் சேர்வதில் இழுபறி இருந்தது என்றாலும், பங்கு கேட்கலாம் என்கிற வழி அங்கேதான் பிறந்தது.

இப்போது 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அப்பா பெயரோடு அந்த வைத்தியத்தைப் பதிய முடியுமா என்று விசாரியுங்கள். கட்டுரையில் அப்பா பெயர் எங்கே வரும், வருமானம் வந்தால் பங்கு என்ன என்று அந்த ஆய்வாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அது வரைக்கும் காபி கொடுத்து அனுப்புங்கள், இலையைக் காட்ட வேண்டாம்.