டிசைன் திங்கிங்: இடத்தைச் சொல்லிக் கேளுங்க (மலேசியா, சுங்கை சிப்புட் வட்டாரக் குழு, கேள்வி பதில்)

டிசைன் திங்கிங்னா ஆளைக் கவனிச்சு, உண்மையான பிரச்சினையைக் கண்டுபிடிச்சு, மாதிரி செஞ்சு சோதிச்சுத் தீர்வுக்குப் போற முறை. வெள்ளி ராத்திரி தொடங்கி ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் பதில் எழுதுவேன். புத்தகத்துல இருக்கிறதை அப்படியே கேட்காதீங்க. உங்க கடை, கோயில், பள்ளிக்கூடம், தோட்டம்னு ஒரு இடத்தைச் சொல்லிக் கேளுங்க. முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை: கேள்விக்குள்ள தீர்வை ஒளிச்சு வைக்காதீங்க. "எந்த மெஷின் வாங்கலாம்"னு கேட்டா, மெஷின் வேணும்னு யார் முடிவு பண்ணதுன்னு திருப்பிக் கேட்பேன்.

கேள்வி (படிவம் 2 மாணவனின் அம்மா): மகனுக்கு ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துல டிசைன் திங்கிங் வருது. அஞ்சு படி என்னென்ன?

பதில்: ஆளைப் புரிஞ்சுக்கிறது, பிரச்சினையை வரையறுக்கிறது, யோசனை சேர்க்கிறது, மாதிரி செய்றது, சோதிக்கிறது. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோட டி.ஸ்கூல்ங்கிற வடிவமைப்புப் பள்ளி பிரபலமாக்கின வரிசை இது. பிரிட்டிஷ் டிசைன் கவுன்சில் இதையே நாலு கட்டமா, ரெண்டு வைரம் மாதிரி வரையும்: விரி, சுருக்கு, மறுபடி விரி, மறுபடி சுருக்கு. எதை எடுத்தாலும் நேர்க்கோட்டுல போகாது. சோதிக்கும்போதுதான் வரையறை தப்புன்னு தெரியும், திரும்பி வரணும். ஃபோலியோவுல (மகன் செஞ்சதை எழுதி வைக்கிற கோப்பு) அந்தத் திரும்பல் தெரியட்டும், அக்கா. எல்லாம் முதல் தடவையே சரியா வந்த மாதிரி எழுதினா எந்த ஆசிரியரும் நம்பமாட்டாங்க.

கேள்வி (கோயில் கமிட்டி உறுப்பினர்): திருவிழா அன்னதானத்துக்கு 600 பேர் வர்றாங்க. வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிடுது. டோக்கன் மெஷின் வாங்கலாம்னு கமிட்டியில பேச்சு. எந்த மெஷின் நல்லது?

பதில்: மேலே சொன்ன எச்சரிக்கை உங்களுக்குத்தான், ஐயா. டோக்கன் குடுத்தா ஆள் நிக்கிற இடம் மாறும், சாப்பாடு வேகமா வராது.

முதல்ல ஒரு வெள்ளிக்கிழமை பூஜைச் சாப்பாட்டுல ரெண்டு பேர் நில்லுங்க. ஒருத்தர் கையில போன் ஸ்டாப்வாட்ச், இன்னொருத்தர் கையில பேப்பர். தட்டு, சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம், தண்ணின்னு ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ஆளுக்கு எத்தனை விநாடி ஆகுதுன்னு குறிங்க. ஒரு இடத்துக்குக் குறைஞ்சது 30 பேர்.

உதாரணத்துக்கு சோறு 6 விநாடி, சாம்பார் 9, கூட்டு 14, அப்பளம் 3ன்னு வருதுன்னு வச்சுக்குவோம். அப்போ உங்க வரிசையோட வேகம் 14 விநாடிதான். சோறு போடறவர் எவ்வளவு சுறுசுறுப்பா இருந்தாலும் மாறாது. 600 பேருக்கு 8,400 விநாடி, அதாவது 2 மணி 20 நிமிஷம். கூட்டுக்கு மட்டும் ரெண்டாவது சட்டி, ரெண்டாவது கரண்டி, ரெண்டாவது ஆள் போட்டா அது 7 ஆகும். இப்போ சாம்பார்தான் தாமதம், 9 விநாடி. மொத்தம் 1 மணி 30 நிமிஷம். ஒரு கரண்டியில 50 நிமிஷம் மிச்சம்.

விநாடி எண்றதோட விட்டுடாதீங்க. ஆள் எங்க தயங்கி நிக்கிறாங்கன்னு பாருங்க. ரெண்டு கையிலயும் தட்டைப் பிடிச்ச பாட்டி தண்ணி டம்ளரை எப்படி எடுப்பாங்க? கைப்பிள்ளையோட வர்ற தாய் தட்டை எங்க வைப்பாங்க? வரிசையோட கடைசியில தண்ணி வச்சா அங்கதான் கூட்டம் தேங்கும். தண்ணியை உக்கார்ற மேசைக்கே கொண்டுபோய்ப் பாருங்க.

இதையெல்லாம் திருவிழா அன்னிக்கு முதல் தடவையா செய்யாதீங்க. முந்தின வாரம் மண்டபத் தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி, காலி சட்டி வச்சு, 20 பேரை நடக்கவிட்டுப் பாருங்க. ஒரு ரோல் டேப்தான் செலவு.

கேள்வி (பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்): கூட்டத்துக்கு 20 பேர் வந்தா 3 பேர்தான் பேசறாங்க. "யோசனை சொல்லுங்க"ன்னா எல்லாரும் தலைவர் முகத்தைப் பார்க்கிறாங்க.

பதில்: வாயால கேட்டா அப்படித்தான். அலெக்ஸ் ஆஸ்போர்ன்னு ஒரு அமெரிக்க விளம்பரத்துறைக்காரர் 1953ல பிரெயின்ஸ்டார்மிங் (கூடிப் பேசி யோசனை சேர்க்கிறது) விதிகளைப் புத்தகமா எழுதினார். டீல், ஸ்ட்ரோப்னு ரெண்டு உளவியலாளர்கள் 1987ல சோதிச்சப்போ, கூடிப் பேசற குழுவை விட, அதே எண்ணிக்கை ஆளுங்க தனித்தனியா எழுதிச் சேர்த்ததுதான் அதிக யோசனை தந்துச்சு. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க முறைக்குக் காத்திருக்காங்க. அதுக்குள்ள சொல்ல வந்தது மறந்துபோகுது, இல்ல கூச்சம் வந்துடுது.

ஆளுக்கு ஒரு ஏ4 தாள். மூணு தடவை மடிச்சா எட்டுக் கட்டம். 8 நிமிஷம், கட்டத்துக்கு ஒண்ணு, பேச்சு கூடாது. பால்பாயின்ட் பேனா வேண்டாம், தடிச்ச மார்க்கர் குடுங்க. பால்பாயின்ட் குடுத்தா கட்டுரை எழுத ஆரம்பிச்சுடுவாங்க. நாலாவது கட்டத்துல கை நின்னுடும், பரவாயில்ல. முதல் நாலும் எல்லாருக்கும் தெரிஞ்சதா இருக்கும், அதுக்கப்புறம் வர்றதுக்காகத்தான் எட்டு.

பிறகு தாளைச் சுவத்துல ஒட்டி, பிடிச்ச யோசனைக்கு ஓட்டுப் போட ஆளுக்கு 3 பொட்டு. மத்த எல்லாரும் ஒரே நேரத்துல ஒட்டணும், தலைவர் கடைசியில. தலைவர் முதல்ல ஒட்டினா, பின்னால வர்ற எல்லாப் பொட்டும் அதுக்குப் பக்கத்துலயே விழும். மஞ்சள் ஒட்டுச்சீட்டுக்குக் காசு செலவு பண்ணாதீங்க. பழைய தேர்வுத்தாளோட பின்பக்கம் போதும்.

கேள்வி (நாசி லெமாக் ஒட்டுக்கடை அக்கா): ஆர்டர் எடுக்க ஆப் செய்யணும். எவ்வளவு ஆகும்?

பதில்: ஆப் வேணும்னு யார் முடிவு பண்ணது, அக்கா? ரெண்டு வாரம் வாட்சப்லயே ஆர்டர் எடுங்க. வாடிக்கையாளர் அனுப்பறதை ஒரு நோட்டுல நேரத்தோட எழுதுங்க: என்ன கேட்டாங்க, எதை மாத்தினாங்க, யார் வந்து எடுக்கல. 14 நாள் நோட்டைப் பார்த்தா, ஆப் எதைச் செய்யணும், இல்ல ஆப்பே வேண்டாமான்னு ரெண்டுல ஒண்ணு தெரியும்.

கேள்வி (தாமான் தொண்டூழியர்): இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள வயசானவங்க மாத்திரையை ஒழுங்காப் போடறதில்ல. 50 பேருக்குக் கேள்வித்தாள் குடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. "ஒழுங்காப் போடறீங்களா"ன்னு கேட்டா 50 பேரும் "போடறேன்"னுதான் எழுதுவாங்க. பிள்ளை மாதிரி இருக்கிற உங்ககிட்ட யார் இல்லைன்னு சொல்லுவா?

6 வீட்டுக்குப் போங்க. கடைசியா நடந்ததைக் கேளுங்க: "நேத்து ராத்திரி மாத்திரை போட்டீங்களே, எங்க இருந்து எடுத்தீங்க, காட்டுங்க." அவங்க எழுந்து நடக்கிறதைப் பின்னாலயே போய்ப் பாருங்க. மாத்திரை சாமி மாடத்துல இருக்கா, ஐஸ்பெட்டி மேலயா, மருமகளோட கைப்பையிலயா? உறையில எழுத்து படிக்க முடியுதா? சாப்பாட்டு நேரம் வீட்டுல யார் இருக்காங்க? ஒரு கேள்வி கேட்டா பத்து எண்ணற வரைக்கும் வாயை மூடுங்க. உபயோகமான பேச்சு பெரும்பாலும் அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் வரும்.

அதுக்குப் பிறகு ஒரு வாக்கியம் எழுதுங்க. "முதியவர்களுக்கு விழிப்புணர்வு தேவை"ன்னு எழுதினா அது வரையறை இல்ல, மேடைப்பேச்சு. "பகல்ல தனியா இருக்கிற, உறையைப் படிக்க முடியாத பாட்டிக்கு, இன்னிக்குப் போட்டாச்சான்னு தானே தெரிஞ்சுக்க ஒரு வழி வேணும், ஏன்னா மகன் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள அவங்களுக்கே மறந்துடுது." யார், என்ன தேவை, ஏன். மூணும் இருக்கணும். எந்த மாத்திரை எப்போங்கிறது கிளினிக் விஷயம், அதுல நீங்க கை வைக்காதீங்க.

கேள்வி (டிப்ளமா மாணவி): செஞ்ச மாதிரியைச் சோதிக்க 5 பேர் போதும்னு படிச்சேன். உண்மையா?

பதில்: பயன்படுத்த எளிதா இருக்கான்னு சோதிக்கிற துறையில பேர்போன ஜேக்கப் நீல்சனோட கணக்கு அது. ஒரு ஆள் சராசரியா 31 விழுக்காடு கோளாறைக் கண்டுபிடிப்பார்னு எடுத்துக்கிட்டா, 5 பேர் சேர்ந்து சுமார் 85 விழுக்காட்டைக் காட்டிடுவாங்க. ஒரே மாதிரி ஆளுங்களா இருந்தாத்தான் செல்லும். வாங்கறவர் ஒரு கூட்டம், விக்கிறவர் ஒரு கூட்டம்னா ஒவ்வொண்ணுலயும் 3, 4 பேர் வேணும். எத்தனை விழுக்காடு மக்களுக்குப் பிடிக்கும்னு சொல்லவும் இந்த 5 உதவாது.

கேள்வி (படிவம் 3 மாணவன்): அண்ணே, அஞ்சு படி என்ன?

பதில்: மேலே பாருங்க, தம்பி.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர்): செம்பனைத் தோட்டத்துல உதிரிப் பழம் பொறுக்க உருளை மாதிரி ஒரு கருவி செய்யப்போறேன். எப்படி ஆரம்பிக்கலாம்?

பதில்: நல்ல இடத்தைத் தொட்டீங்க. உதிரிப் பழம்தான் நல்லாப் பழுத்தது, எண்ணெய் அதுலதான் அதிகம். தரையில விட்டா நஷ்டம், நாள் கழிச்சு எடுத்தா அமிலம் ஏறிடும். கம்பிக்கூண்டு உருளை சமதரையில, மரத்தைச் சுத்திப் புல் இல்லாத வட்டத்துல ஓடும். ஈரக் களிமண்ணுல சிக்கும், சரிவுல தானா உருளும், காய்ஞ்ச சருகையும் சேர்த்து அள்ளும். அதனால வரையறதுக்கு முன்னால ஒரு காலை முழுக்கக் காட்டுல நில்லுங்க. குலை வெட்டறவர் ஒருத்தர், பழம் பொறுக்கறவர் இன்னொருத்தரா இருக்கலாம். யாருக்காகச் செய்றீங்களோ அவர்கிட்டப் பேசுங்க.

(முன்னாள் தண்டல், அதாவது தோட்ட மேற்பார்வையாளர், குறுக்கிட்டு): கருவியும் வேணாம், டிசைனும் வேணாம். சாக்குக்கு இவ்வளவுன்னு காசைக் கூட்டிக் குடுத்தா தானாப் பொறுக்குவாங்க.

பதில்: கூலியும் வடிவமைப்புதான், ஐயா. குலைக்கு மட்டும் காசுன்னா பழம் கிடக்கும்னு நீங்க சொல்றது சரி.

(தோட்டத்து கிராணி, அதாவது கணக்கர்): சாக்குக்குக் காசு குடுத்தா பழத்தோட மண்ணும் கல்லும் சேர்ந்து வரும். மில்லுல திட்டு வாங்கறது நாங்க.

(தண்டல்): அப்ப சலிச்சு எடுக்கச் சொல்லணும்.

(கிராணி): சலிக்கிற நேரத்துக்கு யார் காசு குடுக்கிறது?

பதில்: ரெண்டு பேரும் ஆளுக்கொரு பிரச்சினையைத் தீர்க்கிறீங்க. அவருக்குப் பழம் கிடக்குதுங்கிறது பிரச்சினை, உங்களுக்கு மண் வருதுங்கிறது. ரிட்டல், வெப்பர்னு ரெண்டு திட்டமிடல் பேராசிரியர்கள் 1973ல எழுதினதே இதுதான்: சில பிரச்சினைகளை நீ எப்படி வரையறுக்கிறியோ, தீர்வு அதுலயே அடங்கியிருக்கும். பொறுக்கறவங்க யாராவது இங்க இருக்கீங்களா?

(பழம் பொறுக்கும் அக்கா, மகள் போன்ல): குனியறது பழகிப்போச்சு. சாக்கை இழுக்கிறதுதான் முடியல. மட்டைக் குவியலைத் தாண்டி ரோட்டோரம் கொண்டுபோகணும். சாக்கு பாதி நிறைஞ்சதும் தூரத்து மரத்தை விட்டுடுவோம்.

பதில்: தம்பி, உங்க உருளையைக் கொஞ்சம் ஓரமா வைங்க. பொறுக்கறதுல இருந்து இழுக்கிறதுக்கு விஷயம் மாறிடுச்சு. ரெண்டு மாதிரி செஞ்சு பாருங்க. ஒண்ணு, சாக்கை அடியோட பாதியா வெட்டித் தைச்ச சின்னச் சாக்கு, நடை கூடும், பாரம் குறையும். இன்னொண்ணு, நீல பிளாஸ்டிக் டிரம்மை நீளவாக்குல பிளந்து கயிறு கட்டின சறுக்குத்தட்டு. வெட்டின விளிம்பை உப்புத்தாளால தேய்ங்க, கையைக் கிழிக்கும். கயிறு இடுப்பு உயரத்துக்கு வரணும், குட்டையா இருந்தா தட்டு குதிகால்ல இடிக்கும்.

3 பேர், ஒரே மாதிரி வரிசை, ஆளுக்கு ஒரு மணி நேரம் பழைய சாக்கு, ஒரு மணி நேரம் ஒவ்வொரு மாதிரி. யார் எதை முதல்ல எடுக்கிறதுன்னு மாத்தி விடுங்க, இல்லன்னா களைப்பு எல்லாம் கடைசி மாதிரி மேல விழும். பழத்தைத் தனியா, மண்ணைத் தனியா நிறுங்க. கிராணி கேட்கிற பதில் அந்த ரெண்டாவது எடையில இருக்கு. விட்டுப்போன மரத்தையும் எண்ணுங்க.

ஒரு மாதிரியை மட்டும் காட்டினா "நல்லா இருக்கு தம்பி"ன்னு அனுப்பிடுவாங்க. ரெண்டைக் காட்டினா எது மோசம்னு தைரியமாச் சொல்லுவாங்க.

(தண்டல்): இதைத்தான் நாங்க அந்தக் காலத்துல செஞ்சோம். பேர் வைக்கல.

பதில்: ஒத்துக்கிறேன், ஐயா. ஹெர்பர்ட் சைமன்னு ஒரு அமெரிக்க அறிஞர் 1969லயே சொல்லிட்டார்: இருக்கிற நிலையை விரும்பற நிலைக்கு மாத்த வழி வகுக்கிற எல்லாரும் வடிவமைக்கிறவங்கதான்னு. ஆனா அந்தக் காலத்துல சாக்கு இழுத்த அக்காகிட்ட யாராவது கேட்டாங்களா?

(தண்டல்): அது சரி.

கேள்வி (டியூஷன் ஆசிரியர்): பிள்ளைங்க வீட்டுப்பாடம் செய்யறதில்ல. எந்தப் பரிசுத் திட்டம் வைக்கலாம்?

பதில்: தீர்வை ஒளிச்சு வைக்காதீங்கன்னு மூணாவது தடவையா எழுதறேன். செய்யாத 4 பிள்ளைங்களோட வீட்டு ராத்திரி 7லருந்து 9 வரைக்கும் எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வாங்க.

கேள்வி: இதுக்கு சான்றிதழ் எங்க வாங்கலாம்?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: அஞ்சு படி தமிழ்ல என்ன சார்?

பதில்: மேலே. மேலே. மேலே.

கேள்வி (கோயில் கமிட்டி, மறுபடி): நேத்து பூஜைச் சாப்பாட்டுல எண்ணினோம். கூட்டு இல்ல, அப்பளம்தான் தாமதம். 17 விநாடி! பிள்ளைங்க ரெண்டாவது அப்பளம் கேட்டு நிக்கிறாங்க.

பதில்: எத்தனை பேரை எண்ணினீங்க, ஐயா? 12 பேர்னா போதாது, 30 வரைக்கும் எண்ணுங்க. அப்பளத்தை மட்டும் வரிசையை விட்டு எடுத்து, உக்கார்ற மேசைக்கு ஒரு பிள்ளைகிட்டக் கூடையில குடுத்தனுப்பிப் பாருங்க. அடுத்த வெள்ளி விநாடியோட வாங்க.